மோட்டார் ரூம் பட்டறை

மாசாணியம்மன் துணை

கிணத்துக்கடவு,
கார்த்திகை, ஞாயிறு மதியம்

அன்பு மகன் தீபக்குக்கு அப்பா அரங்கசாமி எழுதுவது. உன் அம்மாவின் முழங்கால் நீங்கலாக இங்கே எல்லோரும் சுகம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாய் என்று நம்புகிறேன்.

போன் இருக்கும்போது இந்த மனுசன் எதற்குக் காகிதத்தை எடுத்தான் என்று நினைப்பாய். நம் வீட்டில் போன் வந்தால் உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டுக் கூடத்துக்கு நடுவில் வைத்துவிடுவாள். மருமகள் லோகப்பிரியாவும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். அவளை வைத்துக்கொண்டே அவளைப் பற்றி எப்படிப் பேசுவது? பக்கத்துத் தோட்டத்து ஷ்ரவ்யா படிப்புக்காக ஜெர்மனிக்கு, உன் ஸ்டட்கார்ட்டுக்கே வருகிறாள். அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். வீட்டில் சொல்லவில்லை.

தோட்டத்துச் சேதி ஒன்றும் நல்லதாக இல்லை. மேற்கு வரிசைத் தென்னையை வெள்ளை ஈ விடுவதாக இல்லை, மட்டையெல்லாம் கரி பூசின மாதிரி கிடக்கிறது. மரம் ஏற ஆள் கேட்டால் நாளைக்கு வாரேன் என்கிறார்கள், அந்த நாளை வருவதே இல்லை. பழனியாத்தாள் அத்தை வந்து இரண்டு நாள் இருந்துவிட்டு, மருமகள் எப்போது புருசனிடம் போகிறாள் என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் கேட்டுவிட்டுப் போனாள்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் பேசினபோது அவளுக்கு விசா வந்துவிட்டது, தையில் அழைத்துக்கொள்கிறேன், டிக்கெட் எடுக்கப்போகிறேன் என்றாய். அதற்குள் சைக்கிள் சாமானை யாருக்காவது கொடுத்துவிட்டு மோட்டார் ரூமைக் காலி பண்ணச் சொன்னாய். பொழுதுபோக்குக்குச் செய்தது போதும் என்றும் சொன்னாய். அவள் சிரித்துக்கொண்டே சரிங்க என்றாள். எனக்குத்தான் சுருக்கென்றது. நீ கண்ணால் பார்க்கவில்லை, அதனால் அப்படிச் சொல்லிவிட்டாய். நான் தினமும் பார்க்கிறவன்.

நீ பீளமேட்டில் படிக்கும்போது, ஊர் திரும்பின ஒரு வெள்ளைக்காரரிடம் மலையேறுகிற சைக்கிள் ஒன்றை வாங்கினாயே, தொண்ணூறுகளில் செய்தது, அதில்தான் எல்லாம் தொடங்கியது. முன் சக்கரத்தைப் பிடித்திருக்கிற ஃபோர்க் இறுகிப்போனதும் அதை மோட்டார் ரூம் உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டாய். நீ விமானம் ஏறின மாதமே அவள் அதை இறக்கினாள். பழைய இரும்புக்காரனுக்குப் போடப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவளோ சாக்கை விரித்து உட்கார்ந்து ஃபோர்க்கைக் கழற்ற ஆரம்பித்துவிட்டாள்.

அந்தக் காலத்து ஃபோர்க்குகள் பலவற்றில் குழாய்க்குள் ரப்பர் கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்களாம். சக்கரம் கல்லில் ஏறினால் அவை அமுங்கி, திரும்ப எழும்ப வேண்டும். உன்னுடையதில் அவை வெயிலில் வைத்த கருப்பட்டியாக இளகி ஒட்டிக்கிடந்தன. ஒரு வாடை வேறு. முகர்ந்து பார்த்தால், காறல் எடுத்த தேங்காய் எண்ணெய்! கதவுக் கீலுக்கு விடுவது போல நீதான் அதற்குள் ஊற்றியிருக்கிறாய். தென்னந்தோப்புக்காரன் பிள்ளை வேறு எதை ஊற்றுவான்? எண்ணெயில் ஊறினால் அந்த ரப்பர் இன்னும் சீக்கிரம் கெடுமாம். நான் உன்னைத் திட்டத் தொடங்கினேன். ஆசையாக வைத்திருந்ததால்தானே ஊற்றினார் என்று உனக்குப் பரிந்து வந்தாள். குழாயில் கீறல் விழக்கூடாது என்று மூங்கில் சிம்பால் சுரண்டி, மண்ணெண்ணெயில் கழுவி, கண்ணாடி மாதிரி துடைத்து வைத்தாள்.

அந்த ரப்பர் இப்போது கடையில் கிடைப்பதில்லை. வேறு யாராக இருந்தாலும் அத்தோடு விட்டிருப்பார்கள். இவள் கருமத்தம்பட்டித் தறிக்காரர் வீட்டுப் பெண்ணாயிற்றே. தறியில் ஊடு நூலைக் கொண்டு ஓடுகிற நாடாவை அடிக்கும் கட்டை வந்து மோதுகிற இடத்தில், மோதலைத் தாங்க ஒரு மஞ்சள் கட்டை வைத்திருப்பார்கள். ரப்பர் போலத்தான் இருக்கும், எண்ணெய்க்குச் சுலபத்தில் அசைந்துகொடுக்காது. அப்பா வீட்டுத் தறிக்கூடத்துக்குப் போய் ஒரு பை நிறைய அள்ளி வந்தாள். லேத் பட்டறையில் குழாய் அளவுக்குக் கடைந்து மாட்டி, என்னை அழுத்திப் பார்க்கச் சொன்னாள். நானும் மூச்சைப் பிடித்து அழுத்தினேன். உன் அம்மாவின் பிடிவாதம் மாதிரி அசையவே இல்லை.

எனக்கே மனசு விட்டுப்போயிற்று. அவள் மட்டும் கட்டையைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே சொன்னாள்: "தறிக்கட்டை நிறுத்தறதுக்குச் செஞ்சதுங்க மாமா. சைக்கிளுக்கு நிறுத்துனாப் பத்தாதுங்க, வாங்குனதைத் திருப்பிக் குடுக்கோணும்."

அப்புறம் கட்டைகளின் நடுவில் துளை போட ஆரம்பித்தாள். துளை பெரிதானால் கட்டை அமுங்கிக்கொடுக்குமாம். கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்குவாள், மாட்டுவாள், வாய்க்கால் மேட்டில் ஓட்டிப் பார்ப்பாள், உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வந்து கழற்றுவாள். ஆடி முழுக்க இதே வேலை. கடைசியில் மேலே இளசு, கீழே கெட்டி என்று அடுக்கினாளே, அன்றைக்கு நானே ஓட்டிப் பார்த்தேன். ஆமாம், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டுதான். உன் அம்மா கத்தின கத்து வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வரை கேட்டிருக்கும். மோட்டார் சைக்கிளில் போனாலே என் தோள்பட்டை விண்ணென்று தெறிக்கும் பாதை அது. அதில் கல்லும் குழியும் கண்ணுக்குத் தெரிகிறது, கைக்கு வரவில்லை! இறங்கி அவள் தலையில் கை வைத்து, நீ கெட்டிக்காரி அம்மணி என்றேன்.

சேதி எப்படியோ பரவி, இப்போது பெங்களூரிலிருந்தெல்லாம் பழைய ஃபோர்க்கைப் பார்சலில் அனுப்புகிறார்கள். ஓட்டுகிறவரின் எடையைக் கேட்டு, அதற்குத் தக்கபடி துளை போட்டுத் தருகிறாள். நேற்று ஆஸிம் என்று குன்னூர்க்காரர் ஒருவர், தன் ஃபோர்க்கை வாங்கிப்போக நேரில் வந்தார். அதைத் தன் சைக்கிளில் மாட்டிக் கல்குவாரிச் சரிவில் இறங்கி ஏறி வந்தவர், சைக்கிளைத் தென்னையில் சாய்த்துவிட்டு, குனிந்து ஃபோர்க்கை இரண்டு தடவை அழுத்திப் பார்த்தார். பிறகு, தன் கூட ஓட்டுகிறவர்களுடையதையும் கொண்டுவரட்டுமா என்று கேட்டார். தையில் வீட்டுக்காரர் ஊருக்குப் போகிறேன், இனிமேல் எடுப்பதில்லை என்று இவள் சொன்னாள். வேறு யாரிடம் கொடுப்பது என்று கேட்டார். யோசித்துப் பார்த்துவிட்டு, தெரியலைங்க என்றாள்.

அவர் போனதும் மோட்டார் ரூமுக்குள் போனாள். தறிக்கட்டைகளைத் துளை வாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எத்தனை கிலோ ஆளுக்கு என்று துணியில் எழுதி முடிந்து, சாக்கில் போட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. உனக்குப் போக இஷ்டம் இல்லையா அம்மணி என்று கேட்டே விட்டேன்.

"அவுரு அங்க ஒண்டியாத் தின்னுட்டுக் கெடக்கறாருங்க மாமா. கூப்புட்டா நான் போகாம இருப்பனாங்க?"

அப்படியானால் இது என்று சாக்கைக் காட்டினேன். அவள் சாக்கு வாயை இழுத்துச் சுருட்டினாள். தைப்பதற்குக் கோணூசியை இன்றைக்குக் காலையிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறாள். அது என் சட்டைப் பையில் இருக்கிறது.

எனக்கு ஒரு பயம் தம்பி. நீ கூப்பிட்டால் அவள் வந்துவிடுவாள். வந்த பிறகு வாயைத் திறந்து ஒரு குறை சொல்ல மாட்டாள். இங்கே எதை மூட்டை கட்டி வைத்துவிட்டு வந்தாள் என்பது உனக்குத் தெரியாமலே போய்விடும்.

புருசன் பெண்டாட்டி நடுவில் மூக்கை நுழைக்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. வேலையை விட்டுவிட்டு வா என்று நான் சொல்லவில்லை. அவளை அனுப்ப மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நீங்கள் இருவரும் பிரிந்து கிடப்பது எங்களுக்கு மட்டும் சந்தோசமா? ஒரு வாரம், அவள் வேலை செய்யும்போது பக்கத்தில் சும்மா உட்கார். அவள் முகத்தைப் பார். அப்புறம் இருவரும் பேசி எந்த ஊரில் குடித்தனம் வைத்தாலும் சரி, நானும் உன் அம்மாவும் மனசார வாழ்த்தி அனுப்புவோம். உனக்கும் அவளுக்கும் ஒரு குறையும் வராது, அம்மன் பார்த்துக்கொள்வாள்.

டிக்கெட் எடுப்பதானால் சாமி, இந்தத் தடவை உன் பேருக்கு எடு.

உன் அப்பா,
அரங்கசாமி