எதிர்ப்பக்கமாக நடந்து போவோம்

மேல் டிவிசன்,
நோட்டன் பிரிட்ஜ்.
19.02.2025

அன்பு மகள் வினோதாவுக்கு,

அப்பா எழுதுவது. கடிதம் என்றால் முதலில் சுகம் விசாரிக்க வேண்டும் அல்லவா, எங்கள் சுகம் பாதிக்குப் பாதி, நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன், அம்மாவுக்குத்தான் முடியவில்லை. உன் சுகமும் பிள்ளையின் சுகமும் மருமகனின் சுகமும் மரக்கறி லொறியில் போகிற உன் சித்தப்பா மகன் திலக்ஷன் சொல்லித்தான் எனக்குத் தெரியும், அதுவும் அவன் ராகலையிலிருந்து கொண்டுவந்த கோவா மூட்டையை இறக்குகிற அவசரத்தில் பார்த்த சுகம். போன தீபாவளிக்கு முதல் வாரம் அவன் காலிக் கோட்டைக்குள் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மரக்கறி போடப் போனபோது உன்னைப் பார்த்ததாக வந்து சொன்னான். தேயிலைப் பக்கட் விற்கிற கடையில் நிற்கிறாயாம், பக்கத்தில் ஐந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண்பிள்ளை ஸ்டூலில் ஏறி இறங்கிக்கொண்டிருந்ததாம். நெற்றி அப்படியே பெரியம்மா நெற்றி என்றான். பெயர் என்ன என்று கேட்டால் மறந்துவிட்டானாம், மடையன். தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவள் தோட்டத்துத் தூளையே வெள்ளைக்காரனுக்குப் படம் போட்ட டப்பாவில் விற்கிறாள் என்று நினைத்து அன்றைக்கு எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது, மற்றது பிறகு வந்தது.

இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டையும் நீ வாங்கி, அவன் முன்னால் பிரிக்காமல், டப்பாக்களுக்கு அடியில் வைத்தாயாம். கிழித்துப் போடவில்லையே என்று ஒரு வாரம் சந்தோஷமாகத் திரிந்தேன், பிறகு யோசித்தால் கடையில் ஆள் நிற்கும்போது யார்தான் கிழிப்பார்கள். பதில் வரவில்லை. ஆனால் இரண்டாம் முறை அவனிடம் ஒன்று கேட்டாயாம், "மொட்ட போட்டாரே அந்த மனுசன், முடி மொளச்சிருச்சா?" என்று. இதை எனக்குச் சொல்ல அவன் பட்டபாடு, "பெரியப்பா, கோவிச்சுக்காதீங்க, அக்கா கேட்டத அப்படியே சொல்றேன்" என்று லொறிக்கு அந்தப் பக்கம் நின்றுதான் சொன்னான். எனக்கு என்ன கோபம், ஆறு வருஷத்தில் நீ என்னைப் பற்றிக் கேட்ட ஒரே கேள்வி அதுதானே. ஆகவே பதில் எழுதுகிறேன், முளைத்தது மகளே, காதுக்கு மேலே இரண்டு பக்கமும் மட்டும் முளைத்தது, நடுவில் வரவேயில்லை. மழை பெய்தால் மண்டையில் விழுகிற சத்தம் எனக்கே கேட்கிறது. உயிரோடு இருக்கிற மகளுக்குக் கருமாதி செய்து மொட்டை அடித்தவனுக்கு இந்தளவுக்காவது வளர்ந்ததே பெரிய காரியம்.

முதல் இரண்டு கடிதத்திலும் மன்னிப்பு என்ற சொல்லை எத்தனை தரம் எழுதினேன் என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது, இதில் எழுத மாட்டேன், இது சுற்றுலாக் கடிதம். விஷயம் என்னவென்றால் வருகிற மார்ச் ஒன்பதாம் திகதி ஞாயிற்றுக்கிழமை நம் கோயில் கமிட்டி காலிக் கோட்டைக்கு ஒரு நாள் கலாசாரச் சுற்றுலா வருகிறது. செயலாளர் நான். கூட்டத்தில் நான் காலி என்றதும் தலைவர் சிதம்பரநாதன், டவுனில் பாத்திரக்கடை வைத்திருக்கிறாரே அவர்தான், "ஏங்க அழகுமுத்து, கதிர்காமம்னா முருகன், திருகோணமலைன்னா கோணேசர், காலியில எந்தச் சாமிங்க இருக்காரு?" என்று கேட்டார். கலாசாரம் இருக்குங்க, போத்துக்கீசன் தொடங்கி ஒல்லாந்தன் கட்டின கோட்டை இருக்கு, பழைய தேவாலயம் இருக்கு, வெளிச்சவீடு இருக்கு, பிள்ளைகளின் சரித்திரப் பாடத்துக்கு உதவும் என்று ஏதோ உளறினேன். ஓ.எல். பரீட்சையில் சரித்திரத்துக்குப் பதினெட்டு மார்க் எடுத்த நான் சொன்னதை நம்பி நாற்பத்தொன்பது பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். இப்போது பஸ்ஸில் மைக் பிடித்துக் கோட்டையைப் பற்றிச் சொற்பொழிவும் நானே செய்யவேண்டுமாம், பக்கத்து வீட்டுப் பையனின் புத்தகத்தை இரவல் வாங்கி வைத்துக்கொண்டு ஒல்லாந்தர் வந்த வருஷத்தை மனப்பாடம் பண்ணுகிறேன், படித்ததும் மறந்துபோகிறது. பொம்பளை ஆட்கள் கம்பளிச் சட்டை எடுக்கட்டுமா என்கிறார்கள், வெயில் கொளுத்தும் என்றால் நம்பவில்லை. அன்னம்மாக்கா கடலில் அட்டை கடிக்குமா என்று கேட்டாள், கேட்டுவிட்டு அட்டைக்குத் தேய்க்கச் சவர்க்காரக் கட்டி ஒன்றைப் பையில் போட்டும் வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலையில் வேலைக்குப் பெயர் பதிகிற பெரட்டுக்கு எல்லாரும் நிற்கவேண்டும், அதனால் ஒரு நாள்தான். ஞாயிறு விடிவதற்கு முன்னமே புறப்பட்டு, கினிகத்தேனை, அவிசாவளை, பிறகு அந்தப் பெரிய ரோட்டில் ஏறினால் பத்து மணிக்குக் கோட்டை வாசல், மூன்று மணிக்குத் திரும்ப பஸ். பாக்டரி இப்போது கிழமைக்கு மூன்று நாள்தான் ஓடுகிறது, கொழுந்து இல்லை, கீழ்மலை முழுக்கக் காடாகிவிட்டது, அதனால் திட்டம் போட எனக்கு நேரம் நிறைய. தம்பி ஜீவராஜ் கொழும்பில் கடையில் நிற்கிறான், பொங்கலுக்கு வந்தான். கருமாதி அன்று அவனுக்குப் பதினைந்து வயது, "அக்கா சாகலையேப்பா" என்று அத்தனை பேர் முன்னால் சொன்னதற்கு நான் அறைந்தது உனக்குத் தெரிந்திருக்காது. அவன் இப்போதும் வருவான், அம்மாவுக்கு மருந்து வாங்கி வருவான், என்னோடு கிரிக்கெட் மட்டும் பேசுவான்.

அம்மாவைப் பற்றி எழுதாமல் சுற்றிச் சுற்றி வருகிறேன். அவளுக்கு நெஞ்சில் அடைப்பு. டிக்கோயா ஆஸ்பத்திரியில் பார்த்து, சத்திரசிகிச்சைக்குக் கண்டிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், திகதிக்குக் காத்திருக்கிறோம். சீனி வருத்தமும் இருப்பதால் தாங்குவாளா என்பது நிச்சயமில்லை என்று டொக்டர் என்னைத் தனியாக வெளியே கூப்பிட்டுச் சொன்னார். தூரப் பயணம் கூடாது என்றும் சொன்னார், அதைக் கேட்டுக்கொண்டு வந்துதான் இந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தேன், பார்த்தாயா என் புத்தியை. நீ காலியில் இருப்பது அம்மாவுக்குத் தெரியாது. சொல்லவில்லை. சொல்லி, ஆறு மணித்தியாலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்து, நீ முகம் கொடுக்காவிட்டால் திரும்புகிற ஆறு மணித்தியாலத்துக்கு நான் அவளுக்கு என்ன சொல்வேன். கடல் பார்க்கப் போகிறோம் என்றுதான் சொல்லியிருக்கிறேன். "கடலப் பாத்து நான் என்னா செய்யப் போறேன், ஒங்களுக்கு வேணும்னா போயிட்டு வாங்க" என்று ஒரு மாதம் அடம்பிடித்தாள். எனக்குத் தனியாளாய்ப் போகப் பயம் என்று நான் கெஞ்சிய பிறகுதான் சரி என்றாள். அந்தக் கருமாதி நாளில் எல்லாரும் தலைக்குக் குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தபோது அவள் மட்டும் குளிக்கவில்லை, சாவு விழாத வீட்டில் எதற்குக் குளிப்பு என்று லயத்துக்குப் பின்னால் பீட்ரூட் பாத்தியில் போய் உட்கார்ந்துவிட்டாள். அதை நான் உனக்கு எழுதியே ஆகவேண்டும், அவளுக்கு அதில் பங்கு இல்லை. யாரும் என்னைத் தூண்டிவிடவும் இல்லை, குடித்திருந்தேன் என்று சொல்லவும் வழியில்லை, அன்றைக்குப் பார்த்து ஒரு சொட்டும் குடிக்கவில்லை. அந்தப் பிள்ளை நுவன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாழைக்குலையைத் தோளில் தூக்கிக்கொண்டு இந்த மலையேறிப் பெண் கேட்டு வந்தான், சிங்களப் பையன் என்ற ஒரே காரணத்துக்காகக் குலையையும் சேர்த்துத் திருப்பி அனுப்பினேன், நீ அவனோடு போனதும் கருமாதி வைத்தேன்.

செய்ததைத் திருப்ப ஏதாவது சடங்கு இருக்கிறதா என்று பூசாரி தரணிதரனிடம் போய்க் கேட்டேன். அவர் வெகுநேரம் தாடியைச் சொறிந்துவிட்டு, "அண்ணே, செத்தவுங்கள அனுப்பி வைக்கத்தான் எங்கக்கிட்ட மந்திரம் இருக்கு, திருப்பிக் கூப்புடுறதுக்கு ஒண்ணும் இல்லீங்களே" என்றார். சும்மா ஆறுதலுக்குக்கூட ஒரு பொய் சொல்லத் தெரியாத மனுசன். அரசாங்கம்தான் என்னைவிடப் புத்திசாலி, போன வருஷம் இரண்டு தேர்தலுக்கும் உன் பெயரில் வாக்காளர் அட்டை வந்தது, தபால்காரர் கொடுத்தபோது நானே வாங்கினேன், அம்மா இரண்டையும் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறாள்.

இனி சொல்ல வந்ததைச் சொல்கிறேன். முதலில் நான் நினைத்தது, நீ வெளிச்சவீட்டுக்குக் கீழே வந்து நில், அம்மாவை அங்கே கூட்டி வருகிறேன் என்று எழுதலாம் என்பதுதான். நேற்று சீட் நம்பர் போடுவதற்காகப் பெயர்ப் பட்டியலை எடுத்துப் படித்தேன், முதல் சீட் சிதம்பரநாதன், இரண்டாவது அவர் வீட்டுக்காரி, மூன்றாவது அன்னம்மாக்கா. அதற்கு மேல் நம்பர் போடவில்லை. அத்தனை பேரும் உன் கருமாதிச் சோறு சாப்பிட்டவர்கள், அன்னம்மாக்கா மாரில் அடித்து அழுதுவிட்டு இரண்டாம் தரமும் பாயாசம் கேட்டு வாங்கியவள். நீ செத்துவிட்டாய் என்று குளித்துத் தலை துவட்டிய ஒரு பஸ் சனத்தை நானே கூட்டிக்கொண்டு உன் வாசலுக்கு வருகிறேன், அவர்கள் நடுவில் வந்து நில் என்று உன்னிடம் எந்த வாயால் கேட்பது. பட்டியலை மடித்து வைத்துவிட்டேன். ஆகவே வெளிச்சவீட்டுக்கு வராதே. எங்கேயும் வராதே. எங்களுக்காக ஒரு அடி நீ எடுத்து வைக்க வேண்டாம், எடுத்து வைப்பாய் என்று நான் நம்பவும் இல்லை.

பதினொன்றரைக்கு ஆட்களைத் தேவாலயத்துக்குள் அனுப்பிவிட்டு, மாத்திரை போட வேண்டும் என்று சொல்லி அம்மாவை மட்டும் உன் கடைத் தெருவுக்குக் கூட்டி வருவேன், வழியைத் திலக்ஷன் படம் போட்டுக் கொடுத்திருக்கிறான். உன் கடைப் பக்கமாக வர மாட்டோம், எதிர்ப்பக்கமாக நடந்து போவோம். அவளால் வேகமாக நடக்க முடியாது, அது ஒன்றுதான் எனக்கு இருக்கிற வசதி. உனக்குப் பார்க்கப் பிடிக்காவிட்டால் உள்ளே திரும்பி டப்பாக்களை அடுக்கிக்கொண்டிரு, நான் கூப்பிட மாட்டேன், நிற்கவும் மாட்டேன். பிள்ளையை மட்டும் அந்த நேரத்துக்கு வாசலில் விளையாட விடு மகளே. யார் வீட்டுப் பிள்ளையோ நல்ல வடிவான பிள்ளை என்று அம்மா பார்த்துக்கொண்டே நடக்கட்டும். நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்க மாட்டேன்.

ஒருவேளை மருமகன் வாசலில் நின்றால், எனக்குத் தெரிந்த சிங்களமெல்லாம் ஆபீஸிலும் ஆஸ்பத்திரியிலும் கெஞ்சுகிற சிங்களம்தான், அவரிடம் பேச அது பொருத்தமாகத்தான் இருக்கும், ஆனால் பேச மாட்டேன் என்று சொல்லிவிடு. பிள்ளையைக் கடல் பக்கம் தனியாக விடாதே, மதில் உயரமாம், கவனம். நீயும் நாள் முழுக்க நின்றபடி விற்காதே, உட்கார ஸ்டூலைப் பிள்ளையிடமிருந்து வாங்கிக்கொள், அம்மாவின் கால் போனது நின்று நின்றுதான்.

மறக்காதே, ஒன்பதாம் திகதி, பதினொன்றரை மணி. அம்மா பாதியாகிவிட்டாள், ஆளைத் தேடினால் தெரியாது, சேலையைப் பார், உன் முதல் சம்பளத்தில் நீ எடுத்துக் கொடுத்த பச்சைச் சேலையைத்தான் கட்டச் சொல்லியிருக்கிறேன், ஏன் என்று அவள் கேட்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில் நடுமண்டை பளபளக்க ஒருவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தால் அது நான்.

உனக்குக் கருமாதி செய்த கைதான் இது, வேறு கை என்னிடம் இல்லை, அதையே தூக்கி ஆசீர்வதிக்கிறேன். நூறு வயது இரு, பிள்ளையோடும் புருஷனோடும் இரு.

இப்படிக்கு,
உன் அப்பா
கா. அழகுமுத்து