மதினி போட்ட கணக்கு

செப்டம்பர் 5, 1981, சனி

காலையிலிருந்து மேல்காற்று. கொடியில் போட்ட துணியெல்லாம் புழுதி. இரண்டாம் தடவை அலசல்.

நேற்று கணக்கு சார் மணி அடித்த பிறகும் என்னை நிறுத்திவைத்தார். அக்டோபர் 4, ஞாயிறு, திருநெல்வேலியில் மாவட்டக் கணக்குப் போட்டி. எங்கள் பள்ளியிலிருந்து ஒருத்தி மட்டும். நான்! பிளஸ் டூ அக்காமாரை விட்டுவிட்டு பிளஸ் ஒன் கோமதி.

பழகுவதற்கு இருபது கணக்கு. சைக்ளோஸ்டைல் தாள், மை இன்னும் கையில் ஒட்டுகிறது. சார் சொன்னது: "ஃபார்முலா தேடாத. இதுல ஒண்ணும் செல்லாது. உக்காந்து யோசி."

அவர் சொன்ன வழிகள்:
1. சின்ன எண்ணில் போட்டுப் பார்
2. படம் வரை
3. விடையிலிருந்து பின்னால் வா
4. எது மாறாமல் இருக்கிறது என்று பார்

நாலாவது புரியவில்லை. கேட்கக் கூச்சம்.

செப்டம்பர் 6, ஞாயிறு

தலைக்குக் குளித்தேன். சிகைக்காய் கண்ணில்.

மூன்றாவது கணக்கு: 1 முதல் 10 வரை எழுதி, நடுவில் கூட்டலோ கழித்தலோ இஷ்டப்படி போடலாம். விடை சுழி வருமா? காலை முழுக்கப் போட்டேன். 1 வருகிறது, 3 வருகிறது, சுழி மட்டும் வரமாட்டேன் என்கிறது. சாப்பிடும்போது பிடிபட்டது. எல்லாம் கூட்டினால் 55, ஒற்றை. ஒரு கூட்டலைக் கழித்தலாக மாற்றினால் இரட்டைப்படையாகத்தான் குறையும். எத்தனை மாற்றினாலும் ஒற்றை ஒற்றைதான். சுழி வரவே வராது!

நாலாவது வழி இதுதான். மாறாமல் இருப்பது ஒற்றை. எச்சில் கையோடு எழுந்து ஓடி எழுதினேன். அம்மை திட்டு.

செப்டம்பர் 9, புதன்

ஏழாவது கணக்கு உயிரை வாங்குகிறது. ஒரு வகுப்பில் வரிசைக்கு ஐந்தாக ஐந்து வரிசை, 25 பிள்ளைகள். மணி அடித்ததும் ஒவ்வொருவரும் பக்கத்து இடத்துக்கு மாற வேண்டும். முன்னே, பின்னே, இடம், வலம், ஏதாவது ஒன்று. எல்லாரும் மாற முடியுமா? பதினோரு படம் போட்டாயிற்று. ஒவ்வொரு தடவையும் ஒருத்தி மட்டும் நிற்கிறாள்.

செப்டம்பர் 10, வியாழன்

இன்று நடந்ததை அப்படியே எழுதிவைக்க வேண்டும்.

பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். பூரணம் மதினி அண்ணன் கடைக்கு மிளகாய் வத்தல் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். அண்ணனைக் கட்டி எங்கள் வீட்டுக்கு வந்து எட்டு மாதம். பிறந்த ஊர் விளாத்திகுளம் பக்கம். என்னைவிட மூன்றே வயது மூத்தவள். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டார்கள். என் தாள் தரையில் கிடந்ததாம், படித்தாளாம்.

"கோமு, இங்கன வா. அந்தப் பிள்ளையெல்லாம் மாற முடியாதுட்டி."

தரையில் ஐந்துக்கு ஐந்து கட்டம். ஒரு கட்டத்தில் வத்தல், அடுத்ததில் மாட்டுக்கு வைக்கிற பருத்திக்கொட்டை, மறுபடி வத்தல். மாற்றி மாற்றி அடுக்கியிருந்தாள்.

"வத்தல்ல இருக்கவ எங்க போவா? பக்கத்துல எல்லாம் கொட்டைதான. எண்ணிப் பாரு."

வத்தல் பதின்மூன்று. கொட்டை பன்னிரண்டு. பதின்மூன்று பேருக்குப் பன்னிரண்டு இடம்!

இரண்டு தடவை எண்ணினேன். பிறகு வந்தது சந்தோஷம் இல்லை. இதை இங்கேதான் எழுத முடியும். பொறாமை.

செப்டம்பர் 11, வெள்ளி

சார் ஏழாவதைக் கேட்டார். கரும்பலகையில் போட்டேன். "சபாஷ்! இது தானா தோணுச்சா?" என்றார்.

ஆமாம் சார் என்றேன்.

இரவு உப்புமா. பாதியை மாட்டுக்கு வைத்தேன்.

செப்டம்பர் 13, ஞாயிறு

சாரிடம் பொய் சொன்னதை மதினியிடம் சொல்லிவிட்டேன். கிணற்றடியில், அவள் குடம் தேய்க்கும்போது.

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "எம்பேரச் சொல்லி என்ன ஆவப்போவுது, விடு" என்று தேய்த்த குடத்தையே மறுபடி தேய்த்தாள். பிறகு குனிந்தபடியே: "எங்க ஊர்ல கணக்குல நாந்தான் மொதல்ல வருவேன் கோமு."

அவ்வளவுதான். குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கோபமும் இல்லை. கோபமாக இருந்தால் தேவலை.

செப்டம்பர் 14, திங்கள்

வகுப்பு தொடங்குமுன் எழுந்து நின்றேன். "சார், ஏழாவது கணக்கு நான் போட்டது இல்ல. எங்க மதினி போட்டாவ." பின்பெஞ்சில் சிரிப்பு. சார் சிரிக்கவில்லை. "உங்க மதினி என்ன படிச்சிருக்காவ?" பத்தாவது என்றேன். சாக்பீஸை உருட்டிக்கொண்டே நின்றார். "பன்னெண்டாவது கணக்கு எனக்கே சரியா வரல. அவியகிட்ட கேட்டுப் பாரு."

வீட்டுக்கு வந்து சொன்னேன். மதினி முகம்! வத்தல் கையோடு மூக்கைத் துடைத்துவிட்டு, எரிச்சலில் கண்ணீர் கொட்ட, "எங்க, அந்தத் தாளக் கொண்டா" என்றாள்.

செப்டம்பர் 22, செவ்வாய்

காலாண்டுப் பரீட்சை நடக்கிறது. இன்று இங்கிலீஷ். சுமார்.

தினமும் சாயங்காலம் இருவரும் கணக்கு. பதினாறு முடிந்தது. நான் எடுத்ததும் எழுதத் தொடங்குகிறேன். மதினி எழுதவே மாட்டாள். கையில் வேலை ஓடும், மனசுக்குள் கணக்கு ஓடும். அவள் சொல்லித்தந்த ஐந்தாவது வழி: முடியும் என்று காட்ட வரவில்லையா, முடியாது என்று காட்டப் பார்.

அண்ணன் நேற்று சீக்கிரம் வந்துவிட்டான். அடுப்பில் சோறு குழைந்து கஞ்சி. "ரெண்டு பேரும் என்ன செய்யுதீங்க?" தாளைத் தூக்கிப் பார்த்தான், தலைகீழாகப் பிடித்திருந்தான். கஞ்சியைக் குடித்துவிட்டுப் போனான். இன்று கடையிலிருந்து வரும்போது இரண்டு குயர் வெள்ளைத்தாள். என்னிடம் தரவில்லை. மதினியிடம் தந்தான்.

அக்டோபர் 4, ஞாயிறு

துணைக்கு மதினியே வந்தாள். முதல் பஸ். கயத்தாறு வரை தாளையே பார்த்துக்கொண்டு வந்தேன், பஸ் ஆட்டத்தில் தலை சுற்றல். "வெளிய பாரு, தாளப் பாக்காத" என்று எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்தாள்.

ஆறு கேள்வி, மூன்று மணி நேரம். நான் போட்டது நாலு. ஒன்று பாதி. ஒன்று சுத்தமாக வரவில்லை.

வெளியே வந்தால் வேப்பமரத்தடியில் மதினி, மடியில் தாள். அங்கிருந்த வாத்தியாரிடம் கேட்டு ஒரு வினாத்தாள் வாங்கியிருக்கிறாள்! புதுச்சேலையெல்லாம் மண். ஐந்து போட்டிருந்தாள். எனக்கு வராதது அவளுக்கு வந்தது. அவளுக்கு வராத ஒன்று எனக்கு வந்திருந்தது. திரும்பும் பஸ்ஸில் அதை இரண்டு தடவை சொல்லச்சொல்லிக் கேட்டாள். கண்டக்டர் டிக்கெட் கேட்டது காதில் விழவில்லை.

பொறாமை இருக்கிறதா என்று மனசைத் துழாவினேன். இல்லை. பசிதான் இருந்தது.

அக்டோபர் 15, வியாழன்

முடிவு வந்தது. பரிசு பெற்ற மூவரில் நான் இல்லை. ஐந்தாவது இடம். "மொத தடவைக்கு நல்லதுதான்" என்றார் சார்.

வீட்டுக்கு வந்து மாட்டுத்தொழுவில் அழுதேன். மதினி வந்து பக்கத்தில் நின்றாள். என் தலையில் ஒட்டியிருந்த வைக்கோலை எடுத்துப் போட்டாள்.

அக்டோபர் 17, சனி

மழை! கரிசல் மணம் வீடு முழுக்க. சேறு பிசின் மாதிரி ஒட்டுகிறது, செருப்பு ஒன்று தெருவோடு போச்சு.

சார் அண்ணன் கடைக்கு வந்திருந்தாராம். மதினி வீட்டிலிருந்தே படித்துப் பிளஸ் டூ எழுதலாமாம். அண்ணன் சாப்பிடும்போது சொன்னான், யாரையும் பார்க்காமல். அம்மை, "வீட்டு வேலை?" என்றாள். அண்ணன், "சோறு கொழஞ்சாத் திங்கலாம்மா."

மதினி அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அக்டோபர் 20, செவ்வாய்

மதினி ஒரு கணக்குத் தந்தாள். தாளில் உள்ளது இல்லை. அவளே உண்டாக்கியது. ஐந்து மூட்டை, எல்லாம் முழுக்கிலோ. எந்த இரண்டைச் சேர்த்து நிறுத்தாலும் எடை வேறு வேறாக வர வேண்டும். பெரிய மூட்டை எவ்வளவு சின்னதாக இருக்கலாம்?

முதலில் 16க்குக் கொண்டுவந்தேன். இப்போது 1, 2, 4, 7, 12.

"இன்னும் கொறையும்" என்கிறாள்.

எவ்வளவு?

"சொல்லட்டா?"

"வேண்டாம் மதினி, சொல்லாதீங்க!" என்று காதைப் பொத்திக்கொண்டேன்.