குழலில் அவர் கை வைக்கும் இடம்

நவம்பர் 2, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். கல்லறைத் திருநாள். மெழுகுவர்த்தி இரண்டு பாக்கெட், சாமந்தி மூன்று முழம். அவர் போய் ஐந்து மாதம். புருஷன் கல்லறையில் விளக்கேற்ற எனக்கு இது முதல் வருஷம். ஒரு திரிகூட அணையாமல் நிற்கவில்லை.

வந்ததும் ஸ்டேஷன் ஏட்டு போன். "லைசென்ஸ்காரரு போயிட்டாருன்னா துப்பாக்கிய வூட்ல வெச்சிக்கக் கூடாதும்மா. வியாழக்கெழம கொண்டாந்து குடுத்துடுங்க."

மகன் ஆல்பர்ட், பிரான்ஸிலிருந்து: "குடுத்துடும்மா. எனக்கு இன்னாத்துக்கு அது?" அவன் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து வாங்கியது. அப்பா நாற்பது வருஷம் துடைத்தது. துரைக்கு எதற்காம்.

நவம்பர் 3, திங்கள்

பீரோவிலிருந்து எடுத்தேன். ஒற்றைக்குழல். தோட்டா இல்லை, இரண்டு தடவை பார்த்தேன். குழலெல்லாம் துரு. மழைக்காலம், ஐந்து மாதமாக யாரும் தொடவில்லை.

மாதக் கடைசி ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும் பேப்பரை விரித்து இதைத் துடைக்க உட்கார்ந்துவிடுவார். "இன்னா, என் சக்களத்திக்குச் சிங்காரிச்சி முடிஞ்சிதா?" என்பேன். "நீ போயி கொழம்பப் பாருடி."

துருவோடு கொடுத்தால் அவருக்குத்தான் அவமானம்.

நவம்பர் 4, செவ்வாய்

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். பித்தளைக் குடம் தேய்ப்பதுபோலப் புளி போட்டுத் தேய்த்தேன். துரு போயிற்று, கூடவே கருநீலப் பூச்சும் போயிற்று. குழல் முழுக்க வெள்ளைத் திட்டு. அப்படியே உட்கார்ந்து அழுதேன். துப்பாக்கிக்காக மட்டும் இல்லை.

அவருடைய தகர டப்பாவில்: கிழிந்த பனியன், எண்ணெய், என் பழைய பல் துலக்கும் பிரஷ், குழலுக்கு நீலம் ஏற்றும் மருந்து அரை பாட்டில்.

நவம்பர் 5, புதன்

நல்ல வெயில். அவர் செய்வதைப் பார்த்த ஞாபகத்தில்: சோப்பு போட்டுக் கழுவி, காயவைத்து, பஞ்சில் தொட்டு மருந்து. துடைத்து மறுபடி. நாலு தடவை. மத்தியானம் சாப்பிடவில்லை. நாலு மணிக்குக் குழல் முழுக்க ஒரே கருநீலம். எண்ணெய் தடவினேன். பெருமையாகத்தான் இருந்தது.

பக்கத்து வீட்டு ஸ்டெல்லா எட்டிப் பார்த்தாள். "புதுசு மாரி கீதுக்கா."

அப்போதுதான் உறைத்தது. வரப்பில் ஒற்றைக் கையில் தொங்கவிட்டு நடப்பார். அவர் பிடிக்கும் இடம் மட்டும் தேய்ந்து பளபளவென்று இருக்கும். நாலு விரல், ஒரு பக்கம் கட்டைவிரல். அங்கே மட்டும் மருந்து வைக்கமாட்டார். ஏன் என்று கேட்டால், "வுடுடி, கை வெக்கற எடம். எப்டியும் போயிடும்."

புளித் திட்டோடு திட்டாக நினைத்து அதையும் பூசிவிட்டேன். எந்த இடம் என்றுகூடத் தெரியவில்லை.

நவம்பர் 6, வியாழன்

மழை. கோணியில் சுற்றி ஆட்டோவில் ஸ்டேஷன். ஸ்டெல்லா துணைக்கு.

ஏட்டு நல்ல மனுஷர். நாற்காலி போட்டார். குழலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பக்கத்து மேசைக்காரரிடம், "எப்பிடி வெச்சிருந்திருக்காரு பாருய்யா மனுசன்."

"ஒரு தடவ புடிச்சிப் பாத்துக்கட்டுமா சார்?"

"பாருங்கம்மா."

நடுவில் பிடித்தேன். எங்கும் ஒரே வழவழப்பு.

வாய்விட்டுப் படித்தபடியே எழுதினார். ஒற்றைக்குழல், ஒன்று. கட்டையில் சிறு கீறல். குழலில் துரு இல்லை. தேய்மானம் இல்லை.

"சரிதானம்மா?"

சரி என்று கையெழுத்துப் போட்டேன்.