மருமகள் பெயரை எழுதச் சொன்னேன்

ஜூன் 10, செவ்வாய்

காலையிலேயே கொளுத்துகிறது. நகரி ரோடு முழுக்க மாங்காய் டிராக்டர். இன்று கொடுக்க வேண்டியது மூன்று ஜாக்கெட். ஒன்றுக்கு ஊக்கு பாக்கி.

முடிவு செய்துவிட்டேன். நினைவு தப்பி, இனி தேறமாட்டேன் என்று டாக்டர்களே சொன்னால் எனக்குத் தொண்டையில் குழாய் வேண்டாம், மெஷின் வேண்டாம். வலிக்கு மருந்து, பிறகு வீடு. இதை முன்கூட்டியே எழுதி, இரண்டு சாட்சியோடு நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டால் செல்லுமாம். அப்போது எனக்காகப் பேச ஒரு ஆள் பெயரும் எழுத வேண்டும்.

என் வீட்டுக்காரரைத் திருப்பதி ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள் மெஷினில் வைத்தோம். கையைக் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். டாக்டர் கேட்டபோதெல்லாம் மகன் முரளி அழுதான். "எங்க நைனாவுக்கு என்னென்ன உண்டோ அல்லாம் செய்ங்க." பெற்ற பிள்ளை, வேறென்ன சொல்வான். ஆனால் என் விஷயத்தில் அவன் வேண்டாம்.

மருமகள் சுகுணாதான்.

ஜூன் 12, வியாழன்

இருவரிடமும் சொன்னேன். முரளி பாதிச் சோற்றில் எழுந்துவிட்டான். கொள்ளி வைக்கப் பிள்ளை இருக்கும்போது மருமகள் பெயரா, ஊர் சிரிக்காதா என்றான். கொள்ளி நீயே வை, அதுக்கு முன்னால் நடப்பது என் இஷ்டம் என்றேன். என் பெயருக்குப் பவர் பத்திரம் எழுதிக் கொடுத்தால் போதாதா என்றான். பவர், எனக்குப் புத்தி தெளிவாக இருக்கும்வரைதான் செல்லும். நோட்டரியிடம் கேட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறேன்.

சுகுணாவும் மாட்டேன் என்றாள். "மாமியார சாவடிச்சவன்னு நாளைக்கி என்னத்தான் சொல்வாங்க. எனக்கு வேணாம் அத்த."

நியாயம்தான். ஆனால் பதினொரு வருஷமாக ரசத்து உப்பிலிருந்து டிவி சத்தம் வரை என்னோடு மல்லுக்கு நிற்கிறவள். ஒரு நாள் விட்டுக்கொடுத்ததில்லை. டாக்டர் முன்னால் நின்று வேண்டாம் என்று சொல்ல அந்த வாய்தான் எனக்கு வேண்டும். அதையும் சொன்னேன். முறைத்துவிட்டுத் துணி காயப்போடப் போனாள்.

சாட்சி: எதிர்வீட்டு அக்கா, பாவம் சேரும் என்கிறாள், வரமாட்டாள். ஜாக்கெட் தைக்க வரும் டீச்சர்கள் இரண்டு பேர், சரி.

ஜூன் 13, வெள்ளி

வெள்ளிக்கிழமை சாவுப் பேச்சு எடுக்காதே என்றாள் எதிர்வீட்டு அக்கா. எடுத்தேன். பஸ், புத்தூர், பத்திரம் எழுதுகிறவர். எல்லாம் தெலுங்கில் விளக்கினேன். தலையாட்டித் தலையாட்டி மூன்று பக்கம் அடித்துக் கொடுத்தார். நாளெல்லாம் தெலுங்கு பேசுவேன், எழுத்து தெரியாது. படித்தது தமிழ் மீடியம்.

வீட்டுக்கு வந்து சுகுணாவிடம் கொடுத்தேன். அவள் தெலுங்கு மீடியம். அடுப்படியில் நின்றபடியே படித்துச் சொல்லிக்கொண்டு வந்தாள். இரண்டாம் பக்கத்தில் நிறுத்தினாள்.

"இதுல என் பேரு இல்ல அத்த. அவரு பேர போட்டுக்கிறாங்க."

பத்திரம் எழுதியவருக்குப் போன் போட்டேன். நீங்கள் ஏதோ கோபத்தில் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன் அம்மா, பிள்ளை இருக்கிற வீட்டில் பிள்ளை பெயர்தானே எழுதுவோம் என்கிறார். இவர் சம்சாரத்தின் ஜாக்கெட்டுக்கு என் இஷ்டத்துக்குக் கழுத்து இறக்கினால் சும்மா விடுவாரா? கேட்டேன். திங்கள் மாற்றித் தருகிறாராம்.

பிறகுதான் உறைத்தது. அவளுக்குத்தான் இந்தப் பொறுப்பே வேண்டாமே. அவள் பெயர்தான் என்று நினைத்து நான் கையெழுத்துப் போட்டிருப்பேன். அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், தப்பித்திருப்பாள். ஏன்டி சொன்னாய் என்று கேட்டேன்.

"நீங்க சொன்னது ஒண்ணு, அவன் எழுதனது ஒண்ணு. அத எப்படி உடறது."

அழுகை வந்தது. அவள் எதிரில் அழுவேனா. தையல் மெஷின் பக்கம் போய் உட்கார்ந்து ஊக்கு தைத்தேன்.

ஜூன் 16, திங்கள்

தூறல். புத்தூர். சுகுணா ஒரு வரி விடாமல் உரக்கப் படித்தாள், எழுதியவருக்கு வேர்த்தது. டீச்சர்கள் கையெழுத்து, நோட்டரி முத்திரை. நான் தமிழில் போட்டேன், பெரிதாக. முரளி லீவு போட்டு வந்து வாசலிலேயே நின்றான். முடிந்ததும் பத்திரத்தை வாங்கிக்கொண்டு போய் அவனே மூன்று ஜெராக்ஸ் எடுத்து வந்தான்.

பஸ்ஸில் சுகுணா சொன்னாள்: "ஒண்ணு சொல்லிடறேன் அத்த. அன்னிக்கி உங்க புள்ள என் கால்ல உய்ந்தாகூட நான் மாத்திச் சொல்லமாட்டேன்."

அதுக்குத்தான்டி உன்னைப் போட்டேன் என்றேன்.

மதியம் ரசத்தில் உப்பு அதிகம். சொன்னேன். இல்லை என்கிறாள்.