விரிந்த கையுறை

என் பந்துகளை இத்தனை வருடம் பிடித்தவனுக்கு,

நலம். இப்போது டொலிடோவில் ஆடுகிறேன். கீழ் லீக் பேஸ்பால், விடிய விடியப் பேருந்து, ஆறிப்போன பிட்சா. உன் மகனின் பிறந்தநாளுக்கு ஒரு தொப்பி அனுப்பியிருக்கிறேன்.

உன் புது அணியிலிருந்து டெல்வின் இங்கே வந்திருக்கிறான். நேற்று சாப்பிடும்போது சிரித்தபடி சொன்னான்: "மெதுவான பந்துக்கு கையுறைக்குள்ள விரலை மாத்துறப்ப அது விரியும்பா, அடிக்கிறவனுக்குத் தெரிஞ்சிடும். உன் பந்தைப் பிடிச்ச கேட்சர் எங்க அணிக்கு வந்த அன்னிக்கே சொல்லிட்டான். உனக்கே தெரியாதா?"

தெரியாது. "எதுவும் வெளிய தெரியல, அப்படியே போடு" என்று பயிற்சிதோறும் சொன்னவன் நீ.

நீ அணி மாறியபின் உங்களுக்கு எதிராக ஆடிய அன்று, கடைசி இன்னிங்ஸில் முன்னிலையைக் காக்க என்னை இறக்கினார்கள். உன் ஆட்கள் மெதுவான பந்துக்காகவே காத்திருந்து விளாசினார்கள். ஆட்டம் கைவிட்டுப் போனபின் நீ மட்டையோடு வந்தாய். உனக்கும் அதையே போட்டேன். மூன்று பந்துக்கும் மட்டையை அசைக்காமல் நின்று அவுட்டானாய். அவனையாவது ஏமாற்றினேனே என்று வீட்டில் பெருமையாகச் சொன்னேன்.

கையுறையைத் திருத்திக்கொண்டேன். அவர்கள் அடித்ததைக்கூட என்றாவது மறந்துவிடுவேன். நீ அடிக்காமல் விட்டாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

இப்படிக்கு,
உன் மகனுக்கு மட்டும் ஞானத்தந்தை