திதிக்கு ஒரு படம்

கொக்கிளாய்
12.6.1981

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் வந்தால் வாசிக்க ஆள் தேடி நீங்கள் அலைய வேண்டும் என்று தெரிந்தும் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அம்மா வயலுக்குப் போன நேரத்தில் வாசிக்கச் சொல்லுங்கள். உங்கள் இருமல் குறைந்ததா? நான் சுகம்.

என்னோடு படிப்பிக்கும், என் அறையிலேயே தங்கியிருக்கும் சித்திர ரீச்சர் அன்னபாக்கியத்திடம் படம் கீறப் பழகுகிறேன். முதலில் குடம், பிறகு என் இடது கை, இப்போது முகங்கள். நேற்றுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஆரைக் கீறினாலும் உம்மட முகமெல்லே வருது. மனசில இருக்கிறதை விட்டிட்டு, முன்னால இருக்கிறதைப் பாத்துக் கீறும்" என்றார். நானும் சிரித்தேன்.

நான் கீறியது அண்ணனை. கலவரத்தில் தோட்டத்து லய வீட்டோடு அவருடைய படமும் எரிந்த பிறகு, திதிக்கு வெறும் விளக்கைத்தானே வைக்கிறோம். இந்த முறை ஒரு படம் வைக்க நினைத்தேன். கண் வருகிறது, மூக்கு வருகிறது. சேர்த்துப் பார்த்தால் அண்ணன் இல்லை. அவர் முகம் எனக்கு மறந்துகொண்டு வருகிறது, அப்பா.

பரந்தன் பக்கம் போனால் நல்ல பென்சில் இரண்டு வாங்கி வையுங்கள். தபால்காரர் வந்துவிட்டார்.

மகள்,
முத்துலட்சுமி

அண்ணனுக்கு அம்மாவின் முகம் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் விடுமுறைக்கு வரும்போது, எதற்கென்று சொல்லாமல், அம்மாவைக் கொஞ்ச நேரம் என் முன்னால் உட்கார வையுங்கள்.