எதிர்க்கடைக் குறி

அன்புள்ள மருமகளுக்கு, குறி மேசை மாமா எழுதுவது.

நான் நலம். உன் நலத்தை உன் கடிதமே சொல்லிவிட்டது. ஒரே தாளில் பதினோரு கேள்வி கேட்கிறவளுக்கு உடம்பில் என்ன குறை இருக்கப் போகிறது? அம்மா ஏன் போனுக்கு வருவதில்லை, அப்பா ஏன் எப்போதும் "குளிக்கிறா, தூங்குறா" என்கிறார், லாண்டரியை எதிர்க்கடைக்காரனுக்கு விற்கப் போவது உண்மையா என்றெல்லாம் கேட்டிருக்கிறாய். சரியான ஆளைத்தான் கேட்டாய். இந்த லாண்டரியில் நடப்பது சுவருக்குத் தெரியும் முன் எனக்குத் தெரியும். உன் அப்பா எனக்கு முதலாளி. உன் அம்மா முதல் நாளே என்னை அண்ணே என்று கூப்பிட்டதால் நான் உனக்கு மாமா. போனில் சொல்லலாம் என்றால் என் போன் அலசும் தொட்டியில் விழுந்து உயிரை விட்டுவிட்டது. அதனால்தான் கடிதம். ஐந்தாம் வகுப்புதான் என்றாலும் என் கையெழுத்தைப் பார்த்து மூன்று வாத்தியார்கள் கண்ணீர் விட்டிருக்கிறார்கள்.

விற்பனைப் புரளி எப்படிப் பிறந்தது என்று முதலில் சொல்கிறேன். நம் வழக்கம் உனக்குத் தெரியும். வருகிற துணிக்கெல்லாம் கழுத்தின் உட்பக்கம் மையால் குறி போடுவேன். உங்கள் வீட்டு மூட்டைக்கு மட்டும் குறி கிடையாது. அதை நான் ஒருவன்தான் பிரிப்பேன், நான்தான் கட்டுவேன். இரண்டாயிரம் துணியில் உன் அப்பா சட்டையை முகர்ந்தே எடுத்துவிடுவேன். போன மாதம் எனக்குக் கடைவாய்ப் பல் வீங்கியது. அப்படி ஒரு பல்லைத் தன் ஆயுளில் பார்த்ததில்லை என்று டாக்டரே மலைத்துப் போனார். மூன்று நாள் லீவு. அந்த மூன்று நாளில் இஸ்திரி அக்கா உங்கள் மூட்டையைப் பிரித்துவிட்டாள்.

உன் அம்மாவின் உடுப்பு ஒவ்வொன்றிலும், கழுத்தின் உட்பக்கம், வெள்ளைத் துண்டுத் துணியில் சிவப்பு நூலால், போன மூட்டைவரை இல்லாத ஒரு பத்து இலக்க நம்பர் தைத்திருந்தது. லாண்டரிக்காரிக்குக் கழுத்தில் நம்பர் என்றால் வேறென்ன தோன்றும்? எதிர்க்கடைக்காரன் கம்ப்யூட்டர் வாங்கியதிலிருந்து நீள நீளமாகத்தான் நம்பர் போடுகிறான். "அடப்பாவி, முதலாளி வீட்டுத் துணியே அங்கதான் வெளுக்கப் போகுது!" என்று அவள் கத்தியதில் பாய்லர்காரர் இறங்கி வந்துவிட்டார். வேன் ஓட்டுகிறவன், "அப்ப கடையும் கைமாறுது" என்றான். இரண்டு மாதமாக அம்மாவும் கடைப்பக்கம் வரவில்லையா, "கோவிச்சுக்கிட்டுப் பிறந்த வீட்டுக்குப் போயிட்டாங்க" என்று பாய்லர்காரர் முடிச்சுப் போட்டார். அக்கா அதைத் தன் மகள் மூலம் உன் காதுவரை ஊதிவிட்டாள்.

நான் வீங்கிய கன்னத்தோடு வந்து அந்தத் துண்டைப் பார்த்தேன். எனக்கு எதையும் தோண்டிப் பார்க்காவிட்டால் சோறு இறங்காது. முதலில் தையல். நூல் ஓரிடத்தில் மலை, ஓரிடத்தில் பள்ளம். ஊசி பிடித்துப் பழகாத ஆண்பிள்ளை கை. இரண்டாவது, எல்லா உடுப்பிலும் ஒரே நம்பர். எந்த லாண்டரியிலாவது பத்துத் துணிக்கு ஒரே நம்பர் தைத்து அனுப்புவானா? மூன்றாவது, உன் அப்பா உடுப்பில் நம்பரே இல்லை. பத்து இலக்கம் என்றால் போன் நம்பராக இருக்குமோ என்று தோன்றியது. முதலாளி நம்பர் என் போனுக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாது. அந்தப் போனும் போய்விட்டது. பக்கத்து மருந்துக் கடைக்காரர் போனை வாங்கி வந்து அழுத்தினேன்.

முதலாளியின் கண்ணாடி அறைக்குள் மணி அடித்தது. எடுத்தது உன் அப்பா. நான் வாய் திறப்பதற்குள், "எங்க இருக்கா? எந்த ஸ்டாப்பிங்? கொஞ்சம் கையைப் பிடிச்சுக்குங்க, தயவுசெஞ்சு விட்டுறாதீங்க, இதோ வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே ஒற்றைச் செருப்போடு வெளியே ஓடிவந்தவர், போனும் கையுமாக நின்ற என்னைப் பார்த்து நின்றுவிட்டார்.

உள்ளே போய் அவருடைய இன்னொரு செருப்பை எடுத்துவந்து காலடியில் போட்டேன்.

பாய்லர் அறையில் வைத்துச் சொன்னார். நூல் வாங்கப் போன உன் அம்மா தெரு முனையிலிருந்து திரும்பி வர வழி தெரியாமல் எங்கோ பஸ் ஏறிவிட்டாளாம். ஒரு முறை அல்ல, மூன்று முறை. டாக்டர் மருந்து கொடுத்திருக்கிறாராம், ஆனால் இது போகப் போகக் கூடுமே தவிரக் குறையாதாம். "கடையில ஈ காக்காய்க்குத் தெரியக் கூடாது. இது அவ வச்ச கடை. அவளை யாரும் பாவமாப் பாக்கறதை என்னால தாங்க முடியாது" என்றார். கடைக்குள் மூச்சு விடமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். "மருமகளுக்கு?" என்று கேட்டேன். அவர் பாய்லரின் வால்வைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை. அதை எனக்குத் தோன்றியபடி வைத்துக்கொண்டேன்.

வெளியே எட்டு ஜோடிக் கண்கள் காத்திருந்தன. "கண்டுபிடிச்சிட்டீங்களா? எதிர்க்கடைத் துணிதான், அனுப்பினது நான்தான்" என்று நெஞ்சை நிமிர்த்தினேன். எதிர்க்கடைக்காரன் துணிக்குப் போடும் கஞ்சியின் ரகசியத்தைத் திருட, முதலாளிக்கே தெரியாமல் அம்மா துணியைப் பொய்ப் பேரில் அங்கே போட்டு வாங்கியதாகவும், அவன் காவல் நாயையே நண்பனாக்கிக்கொண்டதாகவும், இப்போது உள்ளே மாட்டிக்கொண்டு முதலாளியிடம் செம டோஸ் வாங்கியதாகவும் அளந்துவிட்டேன். அம்மாவுக்கு முட்டி வலி, அவ்வளவுதான் என்று சேர்த்துக்கொண்டேன். இஸ்திரி அக்கா, "தெரியும்ண்ணே! இந்தக் கூத்து உங்களால்தான் முடியும்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். வேன்காரன் எனக்கு "கஞ்சி உளவாளி" என்று பேர் வைத்துவிட்டான். முப்பது வருஷம் நான் விட்ட கதைகள் எனக்குச் சம்பாதித்துக் கொடுத்த பேர், அன்று ஒரு வீட்டின் மானத்துக்கு உதவியது. இப்போது யாரும் அம்மாவைப் பற்றிக் கேட்பதில்லை. என்னைப் பார்த்துச் சிரிப்பதற்கே அவர்களுக்கு நேரம் போதவில்லை.

இனி உங்கள் மூட்டையை நானே வீட்டுக்குப் போய் எடுத்து வருவது என்று ஏற்பாடு. நேற்று போனேன். உன் அம்மா வெளுத்திருக்கிறாள், மற்றபடி அதே சிரிப்பு. கதவைத் திறந்து, "எந்த லாண்டரியிலிருந்து வரீங்க?" என்று மரியாதையாகக் கேட்டாள். "ஊர்லயே பெரிய லாண்டரியிலிருந்து வரேம்மா" என்றேன். "அப்படியா, நல்லா வெளுப்பாங்களா?" என்றாள். "அதை ஆரம்பிச்சவங்க அப்படி" என்றேன். இதில் நான் ஒரு சொல்கூடக் கூட்டவில்லை, மருமகளே.

படிப்பு முக்கியம்தான், பரீட்சையும் முக்கியம்தான். அடுத்த வருஷமும் பரீட்சை வரும். விடுமுறை வரை காத்திருக்காதே. அப்பாவிடம் மாமா எழுதினார் என்று சொல்லாதே. சும்மா பார்க்கத் தோன்றியது, வந்தேன் என்று சொல். ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "அம்மா, நான்தான்" என்று உன் பேரைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே உள்ளே போ. அவள் யாரென்று கேட்கும்வரை நிற்காதே.

நீ நல்லா இருப்பாய், தாயே. சீக்கிரம் வா.

இப்படிக்கு,
உன் மாமா